மழைமரத்தடியில் நாற்பது பேர்

இனிமேல் எங்கள் மரத்தோட்டத்தில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் மரம் காட்டுகிற வேலை இல்லையாம். தலைமைக் கந்தோரிலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது. வழி நெடுக அம்புக்குறி நடுவார்கள், மரங்களுக்கு இலக்கம் போடுவார்கள், வருகிறவர்கள் கையில் ஒரு சிறு புத்தகத்தோடு தாங்களே சுற்றிப் பார்த்துவிட்டுப் போகலாம். இதை வீடு தேடி வந்து சொன்ன இரண்டு இளம் வழிகாட்டிகளும் முகம் தொங்கிப்போய் இருந்தார்கள். அவர்கள்தான் என்னை எழுதச் சொன்னவர்கள். இருபத்துமூன்று வருடம் நாற்பது ஐம்பது பேரை எப்படி ஐயா கட்டி மேய்த்தீர்கள், அதை எழுதித் தாருங்கள், வழிகாட்டிகளின் பிரியாவிடை மலரில் போடுவோம் என்றார்கள். எழுதித் தருகிறேன். அவர்கள் எதிர்பார்க்கிற கட்டுரை இது அல்ல. மலரில் போடுவதும் விடுவதும் அவர்கள் இஷ்டம்.

வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுப் போனபோது விட்டுச்சென்றவற்றில் எங்கள் தோட்டமும் ஒன்று. உள்துறைமுகத்தைப் பார்த்துச் சரிகிற ஒரு குன்றில், கப்பல் போய்வந்த நாடுகளிலிருந்து கொண்டுவந்த கன்றுகளை ஏதோ ஒரு அதிகாரி நட்டிருக்கிறார். அடுத்து வந்தவர்கள் சும்மா இராமல் மேலும் நட்டிருக்கிறார்கள். அரசாங்கம் அதைப் பொறுப்பெடுத்து வேலியடித்துப் பொதுசனத்துக்குத் திறந்துவிட்டது. அதற்கு அடுத்த வருடம் நான் வேலைக்குச் சேர்ந்தேன். பாலையூற்றிலிருந்து சைக்கிளில் போய் வருவேன். முதல் இரண்டு வருடம் மரங்களின் பெயர்ப்பலகைகளுக்கு எழுத்துத் தீட்டியதோடு போயிற்று. பெயர்கள் மனப்பாடமாகின, வேறு சொல்ல ஒன்றுமில்லை.

தோட்டத்துக்குப் பொறுப்பாளர் திரு. அருளப்பு. வெள்ளை ட்ரில் காற்சட்டை, முழங்கால் வரை இழுத்த மேசுக் காலுறை, சட்டைப் பையில் ஒரு சின்னக் கொப்பியும் பென்சிலும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதேயில்லை. பிழை விட்டால் ஏசமாட்டார். பக்கத்தில் வந்து நின்று, "நீர் என்ன நினைக்கிறீர்?" என்று கேட்பார். சொன்ன பதிலைக் கொப்பியில் எழுதிக்கொள்வார். ஏச்சு வாங்கியிருந்தால் வீட்டுக்குப் போய் மறந்துவிடலாம். இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால் ஒரு கிழமைக்கு நித்திரை வராது.

நான் முதன்முதல் கூட்டத்தை நடத்திய நாளில், கருங்காலி மரத்தைப் பார்த்துக்கொண்டே பாடம் ஒப்புவித்தேன். பதினைந்து பேர் என் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அருளப்பு பின்னால் வந்து என் இரண்டு தோளையும் பிடித்து மெதுவாகத் திருப்பிவிட்டார். மரம் உமக்குத் தெரியும், அது ஓடாது, ஆட்களைப் பாரும் என்றார். மரத்துக்கு முதுகு, ஆட்களுக்கு முகம். அன்றிலிருந்து அதுதான் எங்கள் சட்டம். எனக்குப் பின்னால் வந்த எல்லோருக்கும் நானே அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

வேறு சட்டங்களும் இருந்தன. காலையில் வாசல் திறக்க முதல் வழிகாட்டி தனியாக ஒருமுறை முழுப் பாதையும் நடக்க வேண்டும். விழுந்த காய், சுள்ளி எல்லாவற்றையும் தடியால் ஒதுக்க வேண்டும், யாரும் வழுக்கி விழக்கூடாது. கூட்டத்தின் தலையில் வழிகாட்டி, வாலில் ஒரு தொழிலாளி. வெயில் உன் கண்ணில் படட்டும், கேட்பவர் கண்ணில் படக்கூடாது. வாசலில் ஒருமுறை, பாதை நடுவில் மழைமரத்தடியில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை என்று மூன்று முறை தலை எண்ண வேண்டும். எண்ணிக்கை ஒத்துவராவிட்டால் ஓரடி நகரக்கூடாது.

இந்தத் தலை எண்ணுகிற சட்டத்தை நான் முதலில் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு ஒருநாள் மூதூரிலிருந்து படகில் வந்த பெண்கள் கூட்டத்தில் ஒருவர் குறைந்தார். மற்ற இருபத்தாறு பேரும் குய்யோ முறையோ என்று தொடங்கிவிட்டார்கள். கடல் பக்கம் போய்விட்டார் என்று ஒருத்தி, பாம்பு என்று இன்னொருத்தி. அரை மணித்தியாலம் தேடினோம். காணாமல்போன அம்மா புளியமரத்தடியில் குந்தியிருந்து சேலைத்தலைப்பு நிறையப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இது அரசாங்கத்துப் புளியா என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு எண்ணுவது எனக்கு மூச்சு விடுவதுபோல ஆகிவிட்டது. கோயிலில் வரிசையில் நின்றாலும் என் வாய் எண்ணிக்கொண்டிருக்கும்.

சனத்துக்கு என் கதை பிடித்துப்போனது. நிலாவெளியில் ஹோட்டல்கள் வந்த பிறகு வெளிநாட்டுக்காரரும் வான் வண்டிகளில் வந்து இறங்கினார்கள். கல்விக் கந்தோரிலிருந்து வந்த ஓர் அதிகாரி, இந்த மனுசன் வாத்தியாராக வந்திருக்க வேண்டியவர் என்று வருகைப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனார். அதைப் படித்து உச்சி குளிர்ந்துபோனேன். வாய் கிழியப் பேசினேன். எல்லாவற்றையும்விட மழைமரத்தடியில் பேசியதுதான் பேர் போனது.

அந்த மரம் பாதையின் நடுவழியில், ஒரு திறந்த வெளியில் நின்றது. குடை விரித்ததுபோல் பரந்த மரம். மேற்குப் பக்கமாக ஒரு பெரிய கொப்பு, யானை முதுகு மொத்தம் இருக்கும், நிலத்துக்குச் சமாந்தரமாக நீண்டு போய் நாற்பது பேர் நிற்கக்கூடிய நிழலைத் தந்தது. மழைக்கு முன்பும் பொழுதுபடும்போதும் இந்த மரம் இலைகளை மடித்துக்கொள்ளும். ஒரு சிற்றிலையைக் கிள்ளிப் பிள்ளைகள் கையில் கொடுத்து, பொத்திப் பிடியுங்கோ, நித்திரையாகுதா பாருங்கோ என்பேன். சிரிப்பும் கூச்சலுமாக இருக்கும். அந்த வெயிலில் அதுவரை நடந்து வந்தவர்கள் அந்த நிழலில்தான் என் கதையைக் கேட்டார்கள். வெளியில் நிறுத்தியிருந்தால் ஒருவரும் நின்றிருக்கமாட்டார்கள். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

இப்போது மீரான் காக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடலுக்கு அக்கரையில் கிண்ணியா ஆள், அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். எங்கள் தோட்டத்தில் மரமேறி, பட்ட கொப்பு தறித்து, கயிறு கட்டி இறக்குகிறவர். நாட்கூலி. எழுத வாசிக்கத் தெரியாது. மரத்தைக் கத்தியின் பின்பக்கத்தால் தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்பார். நல்ல மரம் 'ணங்' என்று சொல்லும், உள்ளுக்குள் உக்கின மரம் 'பொத்' என்று சொல்லும் என்பார். அவர் பொத் என்று சொன்ன கொப்பைத் தறித்துப் பார்த்தால் உள்ளே கறையான் மண்ணும் ஈரத் தூளும்தான் இருக்கும். அவர் கணிப்பு ஒருமுறையும் பிழைத்ததில்லை.

பள்ளிக்கூடங்கள் சுற்றுலா வருகிற மாதத்தில், ஒரு திங்கட்கிழமை காலை, என்னோடு கூடவே பாதை நடந்தவர் மழைமரத்தடியில் நின்றுவிட்டார். அந்த மேற்குக் கொப்பு அடிமரத்தோடு சேருகிற கவட்டைக் காட்டினார். பட்டையில் ஒரு வெடிப்பு. அதிலிருந்து கறுப்பாக ஏதோ வடிந்து காய்ந்திருந்தது. ஏறிப்போய்த் தட்டிவிட்டு இறங்கினார்.

"ஐயா, இந்தக் கொப்பு சரியில்ல. கவட்டுக்குள்ள உக்கிப் போச்சு. இறக்கிப் போட வேணும்" என்றார்.

இரண்டு பேருமாக அருளப்புவிடம் போனோம். அவர் வந்து அண்ணாந்து பார்த்தார். வெளியே பார்த்தால் கொப்பு பச்சைப் பசேலென்றுதான் இருந்தது. பென்சிலை எடுத்துக்கொண்டு என்னைக் கேட்டார்.

"கூட்டத்தை இதுக்குக் கீழ நிப்பாட்டுறது நீர். நீர் என்ன நினைக்கிறீர்?"

நான் என்ன நினைத்தேன் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். அந்தக் கிழமை மூன்று பள்ளிக்கூடங்கள் வர இருந்தன. கொப்பை இறக்கினால் நான்கு நாளைக்குப் பாதை அடைபடும். இறக்கிய பிறகு அங்கே நிழல் இராது. என் கதையைக் கேட்க ஆளும் இராது. கொப்பு விழும் என்று நான் நினைக்கவேயில்லை, என் கைதட்டல் போய்விடும் என்றுதான் நினைத்தேன். இத்தனை வருடம் நின்ற கொப்பு, ஆவணி விடுமுறை வரட்டும், பிறகு வெட்டுவோம், இப்போது வெட்ட வேண்டாம் என்று சொன்னேன். அருளப்பு எழுதிக்கொண்டார். அடுத்த நாள் காலை மீரான் காக்கா ஏணியும் கயிறும் தூக்கிக்கொண்டு வந்து மரத்தடியில் நின்றார். கேட்டதற்கு, சின்னக் கொப்புகளையாவது கழித்துப் பாரத்தைக் குறைத்துவிடுகிறேன் என்றார். கூட்டம் வரப்போகிறது, போங்கோ என்று நான் திருப்பி அனுப்பினேன்.

வியாழக்கிழமை வெருகலிலிருந்து ஒரு பள்ளிக்கூடம் வந்தது. முப்பத்தெட்டுப் பிள்ளைகள், தலைமை வாத்தியார், பவளம் ரீச்சர். வாசலில் எண்ணினேன், நாற்பது. பவளம் ரீச்சருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். முதல் நியமனம் என்று சொன்னார். ஒரு கொப்பியில் மரங்களின் பெயர்களை எழுதிக்கொண்டே வந்தார். திரும்பிப் போய்ப் பிள்ளைகளுக்குச் சோதனை வைக்கப் போகிறாராம். பிள்ளைகள் ஐயோ என்று சிணுங்கினார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து பகிடி பண்ணினேன்.

மழைமரத்தடிக்கு வந்தபோது பதினொரு மணியிருக்கும். காற்று பொட்டும் இல்லை. மரத்துக்கு முதுகைக் கொடுத்து நின்று, பிள்ளைகளை எனக்கு முன்னால் அரைவட்டமாக நிறுத்தினேன். எண்ணினேன், நாற்பது. பவளம் ரீச்சர் மட்டும் நிழலுக்கு வெளியே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லாப் பிள்ளைகளும் கண்ணில் படும்படி நின்றிருக்கிறார் போலும். என் கதையை ஒருவர் வெயிலில் நின்று கேட்பது எனக்குப் பொறுக்கவில்லை.

"ரீச்சர், வெயிலுக்க நிக்காதேங்கோ. உள்ளுக்கு வாங்கோ" என்றேன். அவர் சிரித்துவிட்டுப் பரவாயில்லை என்றார். நான் இரண்டாம் முறையும் கூப்பிட்டேன். குடையை மடக்கிக்கொண்டு வந்து, கடைசி வரிசைக்குப் பின்னால் கொப்புக்குக் கீழே நின்றார்.

இலையைப் பொத்திப் பிடியுங்கோ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் தலைக்கு மேலே துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். நான் திரும்பவில்லை. பத்து வருடமாகத் திரும்பாமல் பழகியவன் நான். பிள்ளைகளின் முகத்தைத்தான் பார்த்தேன், எல்லாம் மேலே பார்த்தன. பிறகு நிலம் அதிர்ந்தது, இலையும் தூசியுமாகக் கண் தெரியவில்லை.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய் மட்டும் ஓடியது. தூசிக்குள்ளிருந்து பிள்ளைகள் அழுதுகொண்டு வெளியே வரவர நான் எண்ணிக்கொண்டு நின்றேன். ஒன்று, இரண்டு, மூன்று. தலைமை வாத்தியாரையும் சேர்த்து எண்ணினேன். கால் முறிந்த ஒரு பையனை மீரான் காக்கா தூக்கிக்கொண்டு வந்தார், அவனையும் எண்ணினேன். முப்பத்தொன்பது. மறுபடியும் எண்ணினேன். முப்பத்தொன்பதுதான். மூன்றாம் முறை எண்ணத் தொடங்கியபோது மீரான் காக்கா என் கையைப் பிடித்து உலுக்கி, வந்து கொப்பைப் பிடிங்க ஐயா என்று கத்தினார். எட்டுப் பேர் சேர்ந்து தூக்கினோம். ரீச்சருக்கு ஆஸ்பத்திரி வரைக்கும் உயிர் இருந்தது என்று பிறகு சொன்னார்கள்.

அன்று பின்னேரம் அருளப்பு என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் அந்தக் கொப்பி இருந்தது. திங்கட்கிழமைப் பக்கத்தைக் கிழித்தார். அவசரமில்லாமல் நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"நான் உம்மட்டக் கேட்டதை மறந்திட்டன், தம்பிராசா. நீரும் மறந்திடும். உமக்கும் பிள்ளைகள் இருக்குதுகள்" என்றார்.

கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல எனக்கு வாய் வராது. ஓய்வு பெறும் வரை இன்னும் ஆறு வருடம் என்னோடு வேலை செய்தார். நீர் என்ன நினைக்கிறீர் என்று அதற்குப் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை.

விசாரணைக்குக் கொழும்பிலிருந்து ஓர் உத்தியோகத்தர் வந்தார். எங்களை ஒரே அறையில் வரிசையாகக் கதிரையில் இருத்தினார்கள். மீரான் காக்காவை நிற்கவைத்துத்தான் கேட்டார்கள். மரத்தைப் பார்த்தீரா, பார்த்தேன். பழுது தெரிந்ததா, தெரிந்தது. யாருக்கும் அறிவித்தீரா? கந்தோரில் சொன்னேன் என்றார். கந்தோரில் யாரிடம் என்று கேட்டபோது அவர் திரும்பி என்னைப் பார்த்தார். ஏச்சும் இல்லை, கெஞ்சலும் இல்லை. சும்மா பார்த்துக்கொண்டு நின்றார். அப்படி ஓர் அறிவித்தலுக்குப் பதிவு இல்லை என்றார் அருளப்பு. உத்தியோகத்தர் என்னிடம் கேட்டார். எனக்கு ஞாபகமில்லை என்றேன்.

இருபத்துமூன்று வருடம் வாயால் பிழைத்தவன் நான். அதில் நான் பேசிய கடைகெட்ட பேச்சு அந்த இரண்டு சொல்தான். பழுதைக் கண்டும் அறிவிக்கத் தவறியதாக மீரான் காக்காவை நிறுத்திவிட்டார்கள். நாட்கூலிக்காரர், நிறுத்துவதற்குக் கடிதமும் தேவையில்லை. எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு வருடத்தில் தலைமை வழிகாட்டியாக்கினார்கள். மழைமரத்தை முழுதாகத் தறித்தார்கள். அந்த இடத்தைக் கடக்கும்போது நான் பேசுவதை நிறுத்திக்கொள்வேன். களைப்பு என்று ஆட்கள் நினைத்துக்கொண்டார்கள்.

கிண்ணியாவுக்குப் போக வேண்டும் என்று எத்தனையோ முறை வெளிக்கிட்டிருக்கிறேன். கடலைக் கடக்கிற மிதவைத் துறையடி வரைக்கும் போய், மிதவை வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். வேலையில் இருக்கும் வரை பயம். அந்தப் பயத்துக்கு நான் கொடுத்த பெயர் பிள்ளைகள்.

போன வருடம் ஓய்வு பெற்றவுடன், நடந்தது முழுவதையும் எழுதித் திணைக்களத்துக்கு அனுப்பினேன். கொப்பை வெட்ட வேண்டாம் என்று சொன்னவன் நான், மீரான் அறிவித்தவர், பதிவைத் திருத்துங்கள் என்று கேட்டிருந்தேன். என்னை வந்து பிடிப்பார்கள் என்றுகூட நினைத்தேன். மூன்று மாதத்தில் இரண்டு வரிப் பதில் வந்தது. அந்தக் காலத்துக் கோப்புகள் விதிப்படி அழிக்கப்பட்டுவிட்டன, ஆகவே திருத்துவதற்கு எதுவும் இல்லை. அதையும் கையில் எடுத்துக்கொண்டு கிண்ணியா மிதவையில் ஏறினேன்.

மீரான் காக்கா நன்றாக மெலிந்துபோயிருந்தார். எங்களை விட்டுப் போன பிறகு காட்டில் விறகு வெட்டி விற்றிருக்கிறார், இப்போது முழங்கால் ஏலாது. என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்து, மகளிடம் சொல்லிக் கதிரை கொண்டுவரச் செய்தார். நான் இருக்கவில்லை. நின்றபடியே சொல்லி முடித்து, திணைக்களத்தின் கடிதத்தையும் வாசித்துக் காட்டினேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் அந்தக் கடிதத்தை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை.

"இதெல்லாம் எனக்குத் தெரிஞ்சதுதானே ஐயா. எனக்கெதுக்குச் சொல்றீங்க. என்ட மகனுக்குச் சொல்லுங்க" என்றார். மகன் ஜெமீல் அரிசி மில்லில் வேலை செய்கிறானாம், பகல் சோற்றுக்கு வருவானாம். "இருங்க" என்றார்.

இருந்தேன். ஒரு மணித்தியாலம் இருக்கும். இடையில் குடிக்கப் பிளேன்ரீ வந்தது. அந்தச் சம்பவம் நடந்தபோது ஜெமீலுக்குப் பன்னிரண்டு வயது என்று காக்கா சொன்னார். ரீச்சரைக் கொன்றவன் மகன் என்று மற்றப் பிள்ளைகள் கூப்பிடுவார்களாம். வீட்டுக்கு வந்து, நீங்க மரத்தப் பாக்காம விட்டீங்களா வாப்பா என்று ஒரே ஒருநாள் கேட்டானாம். பார்த்தேன் என்று இவர் சொன்னாராம். அவன் நம்பவில்லையாம். எழுந்து போய்விடலாமா என்று எனக்கு இரண்டு முறை தோன்றியது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

ஜெமீல் தலையில் தவிட்டுத் தூசியோடு வந்தான். இன்னார் என்று காக்கா சொன்னதும் முகம் இறுகிப்போனது. ஆயிரமாயிரம் பேருக்கு முன்னால் கதை சொன்னவனுக்கு அந்த ஒருவனுக்கு முன்னால் வாய் ஒட்டிக்கொண்டது. உன் வாப்பா பார்த்தவர், சொன்னவர், ஏணியோடும் வந்தவர், தடுத்தவன் நான், விசாரணையில் பொய் சொன்னவனும் நான் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன், அடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவன் என் பக்கம் பார்க்கவேயில்லை. தகப்பனைத்தான் பார்த்தான்.

"வாப்பா, இவர்தான் தடுத்தவர் எண்டு நீங்க ஏன் அண்டைக்கே சொல்லல்ல?"

"நான் சொன்னா ஆரு நம்புற? ஐயா சொல்லுவாரெண்டு இருந்தன்" என்றார் மீரான் காக்கா. "அண்டைக்குச் சொல்லல்ல. பயந்திட்டார், நாளைக்குச் சொல்லுவாரெண்டு நினைச்சன். பிறகு அடுத்த கிழமை சொல்லுவாரெண்டு நினைச்சன்."

கொஞ்சநேரம் முழங்காலைத் தடவிக்கொண்டு இருந்தார்.

"பிறகு நீ பள்ளிக்கூடம் போறத்த நிப்பாட்டிட்டாய் மகன்" என்றார்.